பிள்ளையார் சுருங்கின கதை!

விருத்தாசலத்தில் இறங்கியதும் பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு நேரே போனது பீங்கான் பட்டறைக்கு.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே வெள்ளைக் களிமண்ணும் வரும். பக்கத்திலேயே கிடைக்கிற அந்த மண்ணை இங்கே காசாக்கினார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பீங்கான் ஃப்யூஸ். எம்.சி.பி. வந்ததும் அதற்கு மவுசு போச்சு. ஆனால் கொலு பொம்மையும் அகல் விளக்கும் இன்றைக்கும் சூளை ஏறுகின்றன.

களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரமெல்லாம் மண் ஏடு கட்டுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்தால் பிள்ளையார் ரெடி! அப்புறம் காயவைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளை.

"என்னங்க, அச்சைவிடச் சின்னதா இருக்காரே?"

"காயறப்பவும் வேகறப்பவும் சுருங்கும் சார். அதுக்கும் சேர்த்துத்தான் அச்சைப் பெருசா பண்றோம்" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக டைரியில் ஒரு தொழில் ஐடியா தூங்குகிறது. 'நினைச்ச அளவுக்கு வராதோ?' என்ற பயம்தான். பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் போடத் தெரிந்தது. சுருக்கத்துக்கு இடம்விடத் தெரியவில்லை!

அந்தப் பிள்ளையாரையே வாங்கிக்கொண்டேன். ராத்திரியே டைரியில் பிள்ளையார் சுழியும் போட்டாச்சு!