உறைந்த கணினியும் நாம் சாட்டிய பழியும்



வண்டலூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மாலை மதரஸாவுக்கு நல்லுள்ளம் கொண்ட ஒருவர் சிறு பெட்டி வடிவக் கணினியொன்றை அன்பளிப்பாகத் தந்தார். விசிறி இல்லாத, கடைகளில் அரிதாகக் காணும் வகை. லினக்ஸ் நிறுவி, வருகைப் பதிவையும் தஜ்வீத் பாடங்களையும் அதில் வைத்து, எந்நேரமும் இயங்கும்படி விட்டிருந்தோம். ஒரு மாதத்திற்குள் அது அடிக்கடி உறையத் தொடங்கியது. மின்சாரத்தைத் துண்டித்தே மீட்க வேண்டியிருந்தது.

மாலையில் முதலில் வந்து அதன்முன் அமர்பவன் 12 வயது மாணவன் ஒருவன். "வந்தபோதே இப்படித்தான் இருந்தது, ஹஜ்ரத்" என்றான். நாம் நம்பவில்லை. பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும் கடிந்து, இனி அதைத் தொடலாகாது என்றோம்.

பொறியியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். பலவற்றை ஒருசேர மாற்றினால் காரணம் புலப்படாது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மெம்டெஸ்ட் இரவு முழுதும் ஓடியது, நினைவகத்தில் பிழையில்லை. பழைய கர்னலில் இயக்கினார், அப்போதும் உறைந்தது. கர்னல் தானே பிழையை உணர்ந்து நின்றால் பெரும்பாலும் 'பேனிக்' செய்தியைக் காட்டும். இங்கோ பதிவேடு இடையிலேயே அறுந்திருந்தது. அறுந்த நேரங்களை வரிசையாக எழுதினோம். நள்ளிரவு, முற்பகல், விடுமுறையான வெள்ளிக்கிழமை. ஒன்றுகூடப் பாடவேளையில் இல்லை.

செயலி வேலையற்றிருக்கையில் மின்சாரத்தைச் சேமிக்க 'சி-ஸ்டேட்' எனும் உறக்க நிலைகளுக்குள் இறங்கும். எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகும். சிறு கணினிகளுக்கான சிலவகைச் செயலிகள் அந்த ஆழத்திலிருந்து மீளாமல் உறைவதை, லினக்ஸ் கர்னலின் பிழைப் பதிவேட்டில் பலர் முறையிட்டுள்ளனர். கர்னலைத் துவக்கும் கட்டளை வரியில், முதல் நிலைக்கு மேல் செல்லாதபடி அவர் வரம்பிட்டார். மின்செலவும் சூடும் சற்றுக் கூடின. ஆனால் மூன்று வாரங்களாக அது ஒருமுறையும் உறையவில்லை.

தீர விசாரிக்கப் பணிக்கும் சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தை எத்தனையோ முறை விளக்கியவர்கள் நாம். கடிந்த அதே பிள்ளைகளின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தலைகுனிந்து நின்றவன், "அப்படியென்றால் இனி நான் தொடலாமா, ஹஜ்ரத்?" என்றான்.

உங்கள் இல்லத்துக் கணினி உறைந்தால், பிள்ளையைக் கடிவதற்கு முன் பதிவேட்டின் நேரத்தைப் பாருங்கள்.