ஈரநெல்லும் மெய்நிகர் சந்தையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகளும் தொழில்நுட்பக் கற்கைகளும் ஒருங்கே பயிற்றப்படுவதால், மெய்நிகர் சூழலை, அதாவது கணினி உருவாக்கும் முப்பரிமாண வெளிக்குள் மாணவர் நுழைந்து செயற்படும் அமைப்பை, வன்னிக்கெனவே வடிவமைக்கும் வாய்ப்பு அங்கு உண்டு. 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் தளத்தில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வகுப்பு நடத்தின. அத்தளத்தின் கடைத்தெருக்களோ வன்னியின் கிளிநொச்சிச் சந்தையைக் கற்பிக்கமாட்டா.

வன்னிக்கான மெய்நிகர் வெளியில், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோக அறுவடையில், வெட்டு மெஷினிலிருந்து ஈரத்தோடு இறங்கிய நெல்லுக்கு வயலிலேயே வியாபாரி விலை பேச, காயவிடத் தளமின்றி, பசளைக் கடனும் நெருக்க நிற்கும் விவசாயியின் இடத்தில் ஒரு மாணவரையும் வியாபாரியின் இடத்தில் இன்னொருவரையும் நிறுத்தி, ஈரத்துக்கெனக் கழிக்கும் கிலோவைப் பேசித் தீர்க்கச் செய்தால், பேரமும் இடரும், பணம் வரும் காலமும் போகும் காலமும் பொருந்தவேண்டிய பணப்பாய்ச்சலும் ஒரே அமர்வில் விளங்கும். உண்மைப் பணம் இழக்கப்படாமையே இம்முறையின் வலிமை, குறையும் அதுவே. தலையில் அணியும் விலையுயர்ந்த காட்சிக்கருவி இல்லாவிடினும், தொடக்கத்துக்குச் சாதாரண கணினித் திரை போதும். அதற்கு முன், விவசாயியையும் நெல் வாங்கும் வியாபாரியையும் விரிவுரை மண்டபத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டே காட்சிகளை எழுதவேண்டும்.