வெண்கலக் குதிரையும் கல்வாரி ஆலயமும்



இஸ்ரவேல் புத்திரர் யோர்தானைக் கடந்தபின் கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டினதைக் கடந்த வாரம் தியானித்தோம். பின்வரும் நாட்களில் பிள்ளைகள் அந்தக் கற்களைக் குறித்துக் கேட்பார்கள், தகப்பன்மார் பதில் சொல்லவேண்டும் என்பது யோசுவாவின் மூலம் அவர்களுக்குக் கிடைத்த போதனை. அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற ஒரு வெண்கலச் சிலை என் நினைவுக்கு வருகிறது.

குதிரையின்மேல் படைத்தலைவரின் உடையோடு அமர்ந்திருந்தவர் நாதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட். 1861-இல் சாதாரணச் சிப்பாயாகத் தென்மாநிலங்களின் படையில் சேர்ந்து, போர் முடிவதற்குள் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தவர். குதிரைப்படையை நடத்துவதில் அவருக்கிருந்த திறமையை எதிரிகளும் ஒப்புக்கொண்டனர். ஆனால் போருக்கு முன் அவர் செல்வந்தரானது மெம்பிஸில் மனிதரை வாங்கி விற்ற வியாபாரத்தினால். 1864 ஏப்ரல் 12 அன்று பில்லோ கோட்டையை அவருடைய படை பிடித்தபோது, சரணடைய முயன்ற கறுப்பினப் படைவீரர் பலர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் கு கிளக்ஸ் கிளான் என்னும் இரகசிய இயக்கத்தின் முதல் தலைவரும் அவரே.

இங்கே ஒரு போதகனாகிய நான் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. மரணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1875-இல், ஃபாரஸ்ட் தம் மனைவி ஆராதித்துவந்த கம்பர்லண்ட் பிரஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். மணலின்மேல் வீடு கட்டினவனைக் குறித்த பிரசங்கம் அவரை உடைத்தது என்று அவருடைய வரலாற்றை எழுதினோர் கூறுவர். அந்த மனந்திரும்புதல் உண்மையா என்று விசாரிக்க நான் யார்? கள்ளனுக்குப் பரதீசை வாக்களித்தவரின் ஊழியக்காரன் அந்தக் கதவை அடைக்கக்கூடாது. ஆயினும் சகேயு மனந்திரும்பின நாளில் தன் கணக்குப் புத்தகத்தையும் கூடவே திறந்தான் என்பதை மறக்க முடியவில்லை. அடிமை வியாபாரத்தில் பிரிக்கப்பட்ட தாயும் பிள்ளையும், விற்றவன் கண்ணீர் சிந்தினதனால் மறுபடியும் சேர்ந்துவிடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 1905 மே மாதத்தில் அந்தச் சிலையைத் திறந்துவைத்தவர்கள், முழங்காலில் நின்ற ஃபாரஸ்டை வார்க்கச் சொல்லவில்லை. சார்ல்ஸ் நீஹாஸ் என்னும் சிற்பி வடிவமைத்து, பாரீஸில் வார்க்கப்பட்டு வந்தது போர்க்களத்துத் தளபதியின் உருவமே. அது போதாதென்று முந்தின ஆண்டே அவருடைய எலும்புகளையும் மனைவியின் எலும்புகளையும் எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்துவந்து சிலையின் கீழே வைத்தார்கள். அதே நகரத்தில் 1892-இல் கறுப்பின ஆண்கள் மூவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. அதைக் கண்டித்து எழுதிய ஐடா பி. வெல்ஸ் அம்மையாரின் பத்திரிகை அலுவலகமும் அழிக்கப்பட்டது. இத்தனைக்கும் பின், அந்த நகரத்தில் பட்டயத்தோடு ஒரு குதிரைவீரனை நிறுத்தினால், யார் பயப்படவேண்டும் என்று அவன் சொல்லாமலே விளங்கும் அல்லவா?

சிலையை அகற்ற நகர மன்றம் விரும்பியபோது மாநிலச் சட்டம் தடுத்தது. எனவே 2017 டிசம்பர் 20 அன்று பூங்காவையே ஆயிரம் டாலருக்கு ஒரு தனியார் அமைப்புக்கு விற்றார்கள். அன்றிரவே சிலை இறக்கப்பட்டது. சட்டத்தை இப்படிச் சுற்றிப் போகலாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும்; நியாயமான கேள்விதான். நீதிமன்றங்கள் அந்த விற்பனை செல்லும் என்றே தீர்த்தன. 2021-இல் எலும்புகளும் அதே மாநிலத்திலுள்ள கொலம்பியா என்னும் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு மறுபடியும் அடக்கம்பண்ணப்பட்டன.

எனினும் என்னை அதிகமாய் அசைத்தது சிலை இறங்கியதல்ல. ஃபாரஸ்டின் அடிமைச் சந்தை இருந்த ஆடம்ஸ் தெருவில், அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆலயம் உண்டு. அதன் பெயர் கல்வாரி. 1840-களில் கட்டப்பட்ட ஆலயம் அது. அதாவது, உள்ளே ஞானப்பாட்டுகள் பாடப்பட்ட ஆண்டுகளில் அடுத்த மனையில் மனிதர் விலைபேசப்பட்டனர். சந்தை இருந்த இடம் பிற்காலத்தில் அந்தச் சபையாரின் வாகனங்கள் நிற்குமிடமாயிற்று. 1955-இல் அங்கே வைக்கப்பட்ட பலகை, ஃபாரஸ்டின் வீடு அருகே இருந்தது என்றும் அவர் வியாபாரத்தில் பொருளீட்டினார் என்றும் சொன்னது. எந்த வியாபாரம் என்று சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மக்கள் அதைக் கடந்து திருவிருந்துக்குப் போனார்கள்.

அந்தச் சபை மௌனமாயிருக்கவில்லை. ரோட்ஸ் கல்லூரி மாணவர்கள் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்நகரில் சுடப்பட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2018 ஏப்ரல் 4 அன்று, அங்கே அடிமைச் சந்தை இருந்தது என்பதை வெளிப்படையாய்ச் சொல்லும் புதிய பலகை திறக்கப்பட்டது. அந்த நாளில் ஆலயத்துக்குள் ஆராதனை நடந்தது. ஃபாரஸ்ட் விற்றவர்களுள் ஆவணங்களில் கண்டெடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக, சபையார் கேட்க, சத்தமாய் வாசிக்கப்பட்டன.