உறுமலை அடக்கினால் பயம் அடங்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நாய் வளர்ப்பவர்கள், அதிலும் வீட்டில் சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருப்பவர்கள், பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செல்போனைத் திறந்தால் நாய்ப் பயிற்சி வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் முகம் சீசர் மில்லன். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் புகழ் பெற்றவர். 'டாக் விஸ்பரர்' என்ற அவருடைய டிவி நிகழ்ச்சி 2004-இல் தொடங்கி 2012 வரை ஓடியது. முரட்டு நாய் ஒன்று பல்லைக் காட்டும். அவர் வாயால் ஒரு சத்தம் கொடுப்பார், விரல்களைக் குவித்துக் கழுத்தில் ஓர் இடி இடிப்பார், சில சமயம் நாயைச் சாய்த்துப் படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் நாய் அசையாமல் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு மந்திரம் போட்ட மாதிரி இருக்கும்.

அவர் சொல்வதெல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நாயைத் தினமும் நன்றாக நடக்கக் கூட்டிப் போங்கள் என்கிறார். நல்ல அறிவுரை. என் கேள்வி ஒன்றுதான். அசையாமல் கிடக்கிற அந்த நாய் எதையாவது கற்றுக்கொண்டதா, இல்லை பயந்து ஒடுங்கிவிட்டதா?

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். பிரம்போடு வருகிற ஆசிரியரின் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட வராது. அதனால் பிள்ளைகளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புரியவில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறது. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமும். அந்த வீட்டுக் கல்லூரிப் பையன் வீடியோ பார்த்து, உறுமும்போதெல்லாம் அதை மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்தியிருக்கிறான். "இப்ப உறுமறதே இல்ல சார்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னான். பதினைந்து நாள்கூட ஆகவில்லை. பாட்டி குனிந்து தட்டை எடுக்கப் போனார். புறங்கையில் பல் ஆழமாக இறங்கிவிட்டது. "ஒரு சத்தமும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு" என்றார்கள். சத்தம் போட்டால் கழுத்தை அழுத்துவார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தானே?

உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. 'எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்று அது கெஞ்சுகிற விதம். அந்த மணியை அறுத்து எறிந்தால் பயம் போய்விடாது. பயம் அப்படியே இருக்கும், மணிதான் இருக்காது.

மில்லனுக்கே இது நடந்தது. 2012-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் ஹாலி என்ற லாப்ரடார், இதேபோல் சாப்பாட்டுத் தட்டைக் காவல் காக்கிற நாய். அது உறுமியது, பல்லைக் காட்டியது, பின்வாங்கியது. அடங்கிவிட்டது என்று நினைத்து அவர் கையை நீட்ட, கையைக் கவ்விக் கடித்துவிட்டது. இதை எதிர்பார்க்கவில்லை என்றார். அத்தனை நாய்களோடு பழகியவருக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுக் குழந்தை என்ன செய்யும்? தகுந்த பயிற்சியாளரைக் கேட்காமல் இவற்றை நீங்களே செய்து பார்க்காதீர்கள் என்று அந்த நிகழ்ச்சியிலேயே எழுத்தில் போடுவார்கள். அரை நிமிடத் துண்டு வீடியோவில் அதெல்லாம் வருவதில்லை.

'நீதான் கூட்டத்தின் தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அடைத்து வைத்த இடத்தில் சண்டை நடந்தது, ஜெயித்தது தலைவன் ஆனது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் தன் ஓநாய்ப் புத்தகத்தில் இந்தக் கருத்தைப் பரப்பினார். பிறகு கனடாவின் வடகோடித் தீவொன்றில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலம் பக்கத்தில் இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். பெற்றோர் வழிநடத்த, பிள்ளைகள் பின்னால் போகின்றன. 1999-இல் இதை வெளிப்படையாக எழுதினார். பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரையும் கேட்டுக்கொண்டார்.

நியூ ஸ்கீட் என்ற அமெரிக்க மடத்தின் துறவிகள் நாய் வளர்ப்பில் பேர்போனவர்கள். நாயைப் புரட்டி அழுத்துகிற முறையை 1978-இல் தங்கள் புத்தகத்தில் சொன்னவர்கள், 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். சொன்னவர்களே திரும்பிவிட்டார்கள். கேட்டவர்கள் மட்டும் அங்கேயே நிற்கிறார்கள்.

2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம் கேட்டது. நாயை அடித்தவர்களில், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடமும், மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 சதவீதம் பேரிடமும், முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம் பேரிடமும் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. அடிக்காமல் மிரட்டாமல் பழக்கியவர்களிடம் இப்படி நடந்தது மிகக் குறைவு.

அப்படியென்றால் என்ன செய்வது? உறுமினால் திட்டாதீர்கள், விலகிவிடுங்கள். எதற்கு உறுமியது என்று கவனியுங்கள். திடீரென்று குணம் மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி இருந்தாலும் நாய் கடுகடுக்கும். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முன்னால் வருகிற அறிகுறிகள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கடி பட்டுவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக்கூடாது.

அந்த வீட்டில் நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. கால்நடை மருத்துவர் வேறு வழி சொன்னார். தனி இடத்தில் சாப்பாடு. தட்டைப் பிடுங்கக் கூடாது. நாய் விறைக்காத தூரத்தில் நின்று ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நாள்போக்கில் ஒவ்வோர் அடியாகக் கிட்டே போகலாம். மனிதன் வந்தால் சாப்பாடு போகாது, கூடத்தான் வரும் என்று நாய் புரிந்துகொள்ள வேண்டும். இப்போது பையன் மூன்றடி தூரம் வரை போகிறான். பாட்டியை இன்னும் பக்கத்தில் விடுவதில்லை. மெதுவாகத்தான் நடக்கிறது. வீடியோ எடுத்துப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் போன வாரம் அது மறுபடி லேசாக உறுமியதாம். பையன் கோபப்படாமல் இரண்டடி பின்னால் போனானாம். எனக்கு அதைக் கேட்டுத்தான் நிம்மதி.