மாட்டுத் தொட்டிப் புழு

நம்ம ஊர் பாலாற்றுக்கு மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடக் குரோமியம் போடுகிறார்கள். அந்தக் கழிவு ஆற்றைக் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் சொன்னது. குரோமியம் மக்காது, சேற்றில் தங்கிவிடும்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீனுக்கு என்னடா?" என்பார் எங்க தாத்தா. விரால் சேத்துலதானே தாத்தா படுத்திருக்கும் என்றேன். பேசாமல் வலையை மடித்து வைத்தார். எனக்கே பாவமாப் போச்சு.

தண்ணீரைச் சோதிக்க டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை 48 மணி நேரம் விட்டு, எத்தனை நீந்தாமல் கிடக்கிறது என்று எண்ணுவார்களாம். சேற்றுக்குச் சிவப்புப் புழு. மாட்டுத் தொட்டி அடியில் நெளியுமே, அதேதான்! (சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின்.) வளர்ந்தால் கொசு மாதிரி பறக்கும், கடிக்காது. 28 நாளில் எத்தனை பறந்தது என்பதுதான் கணக்கு.

தோல் கழிவு போகாத குளத்துச் சேற்றிலும் அதே அளவு புழு விடணும். இல்லாவிட்டால் செத்தது விஷத்தாலா, வெயிலாலா என்று எப்படிச் சொல்வது?

அரையாண்டு லீவில் நாங்கள் நாலு பேர் அவளூர் பாலத்தடிச் சேற்றில் செய்து பார்க்கிறோம். வாய் அகன்ற பாட்டில் இருப்பவர்கள் கொண்டு வரவும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு