37 நிமிஷம் பொறுத்துக்கோங்க

எனக்குப் பேய்னா பயம். முதல்லயே ஒத்துக்கறேன். ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போகணும்னா பக்கத்து கட்டில்காரனை எழுப்பிக் கூட்டிட்டுப் போற ஆளு நான். ஆனாலும் பேய்ப் படம் பாக்காம இருக்க முடியல. அதனால ஒரு சமரச ஒப்பந்தம்: சிரிக்க வைக்கற பேய்ப் படமாத் தேடித் தேடிப் பாக்கறது. :)

உடனே காஞ்சனா, அரண்மனைன்னு ஆரம்பிக்காதீங்க. அதெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனா அதுல காமெடி ஒரு டிபார்ட்மெண்ட், பேய் ஒரு டிபார்ட்மெண்ட். ஃப்ளாஷ்பேக் வந்த உடனே சிரிப்புக்கு லீவு விட்டுடுவாங்க. நான் சொல்றது வேற ரகம். பயமும் சிரிப்பும் ஒரே இடத்துல இருந்து வரணும்.

உதாரணமா 1987ல வந்த 'ஈவில் டெட் 2'. சாம் ரைமி படம். ஹீரோவோட சொந்தக் கைக்கே பேய் பிடிச்சிடும். அந்தக் கையே தட்டை எடுத்து அவன் தலையில உடைக்கும். கடைசியில ரம்பத்தால கையை வெட்டி, பக்கெட்டைக் கவுத்து மூடி, வெளிய வராம இருக்க மேல புத்தகங்களை அடுக்குவான். மேல தெரியற புத்தகம் ஹெமிங்வே எழுதின 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ்னா ஆயுதமும் ஆச்சு, கையும் ஆச்சு. அவ்ளோ ரத்தத்துக்கு நடுவுல இப்படி ஒரு மொக்கை ஜோக் யோசிச்சவரைக் கும்பிடணும்.

அடுத்தது 2004ல வந்த 'ஷான் ஆஃப் த டெட்'. காலைல தூக்கக் கலக்கத்தோட ஷான் கடைக்குப் போயிட்டு வருவான். தெரு முழுக்க ஜாம்பி. அவன் கவனிக்கவே மாட்டான். ஏன்னா தினமும் அந்தத் தெருவும் அதுல இருக்கற ஆளுங்களும் அவனுக்கு அப்படித்தான் தெரியும். அதே படத்துலதான் பின்னாடி அவன் அம்மாவை ஜாம்பி கடிச்சிடும். அதுவரைக்கும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சிட்டிருந்த எங்க ரூம் கப்சிப்னு ஆயிடுச்சு.

நியூசிலாந்துல இருந்து 2014ல வந்தது 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்'. ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கற ரத்தக்காட்டேரிங்க. நூத்துக்கணக்கான வயசு. பஞ்சாயத்து என்னன்னா, ஒருத்தன் அஞ்சு வருஷமா பாத்திரம் கழுவலையாம். அதைப் பாத்துட்டு எங்க ரூம்ல ஒருத்தன் எந்திரிச்சுப் போய் தன் டிபன் பாக்ஸைக் கழுவினான். சினிமா சமூகத்தை மாத்தாதுன்னு யார் சொன்னது?

சரி, மேட்டருக்கு வர்றேன். 2017ல எடுத்த ஜப்பான் படம், 'ஒன் கட் ஆஃப் த டெட்'. இயக்குநர் ஷினிச்சிரோ உயேடா. பிகாம் படிக்கறவனுக்கு முதல்ல கண்ணுல படறது கணக்குதானே? செலவு சுமார் 30 லட்சம் யென். வசூல் 300 கோடி யென்னுக்கு மேல. போட்ட காசு ஆயிரம் மடங்கு!

அந்தக் கணக்கை நம்பித்தான் உக்காந்தேன். முதல் 37 நிமிஷம் ஒரே ஷாட்ல போற ஜாம்பி படம். சகிக்கல. நடிக்கறவங்க திடீர்னு கதைக்குச் சம்பந்தமே இல்லாம உன் ஹாபி என்னன்னு பேசிட்டிருப்பாங்க. கேமரா தரையில விழுந்து அப்படியே கிடக்கும். ஒருத்தன் காரணமே இல்லாம வெளிய ஓடுவான். இருபதாவது நிமிஷம் லேப்டாப்பை மூடப் போனேன். போன காசு, போன நேரம் எல்லாம் சங்க் காஸ்ட், அதைப் பிடிச்சுத் தொங்கக் கூடாதுன்னு காஸ்ட் அக்கவுண்டிங்ல சொல்லித் தந்திருக்காங்க இல்ல? பக்கத்து கட்டில்காரன் கையைத் தட்டி விட்டான். "பொறுடா, 37 நிமிஷம்."

(படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டு, பாத்துட்டு வாங்க. நிஜமா சொல்றேன்.)

அதுக்கப்புறம் அந்த 37 நிமிஷத்தை எப்படி எடுத்தாங்கங்கறதுதான் படம். டிவியில நேரடி ஒளிபரப்பு, நடுவுல நிறுத்தவே முடியாது. கேமரா ஏன் விழுந்துச்சு? கேமராமேனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அவன் ஏன் வெளிய ஓடினான்? வயித்தால போகுது. ஹாபி பேச்சு ஏன்? அடுத்து வர வேண்டிய ஆள் குடிச்சிட்டு மட்டையா கிடக்கான், நேரத்தை ஓட்டணும். நான் அபத்தம்னு நினைச்ச ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒருத்தன் உயிரைக் கொடுத்து சமாளிச்சிட்டிருக்கான். வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

அந்த டைரக்டர் பெரிய ஆளெல்லாம் இல்ல. வேகமா முடிப்பேன், செலவு கம்மி, தரம் சுமார்... இதுதான் அவர் விளம்பரமே. எல்லாத்துக்கும் வளைஞ்சு கொடுக்கற அவரைப் பாத்து மகளுக்குச் சலிப்பு. கடைசியில கிரேன் உடைஞ்சதும் எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி மனுஷக் கோபுரம் கட்டி, உச்சியில அந்த மகள் அப்பா தோள் மேல உக்காந்து கேமரா பிடிப்பா. அங்க எனக்கு சிரிப்பு நின்னு போச்சு.

காரணம் இருக்கு. எங்க அப்பா கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கறவர். தாலி கட்டும்போது பொண்ணு மாப்பிள்ளை முகம் ஒரு ஹார்ட்டுக்குள்ள சுத்திக்கிட்டே வரும் பாருங்க, அந்த ஸ்டைல். ஒருநாள் ஹாஸ்டல்ல ஒருத்தன் அவங்க மாமா கல்யாண வீடியோவை பென்டிரைவ்ல கொண்டு வந்தான். அதுலயும் ஹார்ட். "எவண்டா இந்த டைரக்டர்"னு எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன். எங்க அப்பாவும் இதைத்தான் செய்றார்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல.

பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப, "ஏம்ப்பா எல்லாக் கல்யாணத்துலயும் அந்த ஹார்ட்டு?"ன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து ஒரு கல்யாணத்தோட எடிட் பண்ணாத வீடியோவைப் போட்டார். 2013. லைட் பிடிக்கற அண்ணன் வராததால என்னைக் கூட்டிட்டுப் போன கல்யாணம். அப்ப எனக்குப் பத்து வயசு. கெட்டிமேளம் கொட்டுது. மாப்பிள்ளை குனியறார். சரியா அந்த நேரத்துல வெளிச்சம் ஆடி ஆடி மண்டபத்து ஃபேனுக்குப் போயிடுது. நாலு செகண்ட் இருட்டு.

"உனக்குக் கை வலிச்சிருக்கு. தாலி கட்டறதை ரீடேக்கா எடுக்க முடியும்? அதை மறைக்கத்தான் முதல்ல போட்டேன். அவங்க வீட்ல அதைத்தான் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க."

திட்டவே இல்ல. சிரிச்சிட்டு காபி குடிக்கப் போயிட்டார். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட அவர் இதைச் சொன்னதில்ல.

லீவு முடிஞ்சு வந்ததும் ரூம்ல எல்லாருக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதல்ல ஹார்ட், அப்புறம் அந்த நாலு செகண்ட். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான். இந்தத் தடவை யார் எடுத்ததுன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

டிஸ்கி: 'ஒன் கட் ஆஃப் த டெட்' படத்தை 2022ல பிரெஞ்சுல ரீமேக் பண்ணிட்டாங்க. முதல்ல ஜப்பான் படத்தையே பாருங்க. இருபதாவது நிமிஷம் என்னைத் திட்டினா பரவாயில்ல, மூடிடாதீங்க. பாத்ரூம் துணைக்கு மட்டும் ஆள் பாத்து வச்சுக்கோங்க. :)