நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே

சேத்துப்பட்டில் எங்கள் சித்தி இதயக் கோளாறுக்கென மூன்றாண்டுகள் மருந்துண்ட பிறகே, கோளாறு இதயத்தில் தொடங்கவில்லை என்பது தெரியவந்தது. தொடங்கிய இடம் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, கழுத்தின் முன்புறம். பாடநூல்கள் அதைக் கேடயச் சுரப்பி என்கின்றன. கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பு. உருவத்தில் அது வண்ணத்துப்பூச்சி போன்றது. எங்கள் தெருவாருக்கோ தைராய்டுதான்.

சித்தி ஆரணிப் பட்டு நெய்பவர். குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதித்து நாற்பதாண்டுகள் கழித்தவர். அவருடைய நடை தளர்ந்தது, குரல் தடித்தது, முகம் உப்பியது. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டார். வயது என்றார்கள். தறி என்றார்கள். பாவு முடிய நாள் கூடியபோது கூலிக்கு நூல் தருபவர் சோம்பல் என்றார். அந்த ஒரு சொல்தான் நோயைவிட அவரை வதைத்தது. கொலஸ்டிரால் மிகுந்திருந்ததால் அயலூர் மருத்துவர் ஒருவர் ஸ்டாட்டின் மாத்திரை தந்தார். பிறகு தொடைகளில் வலி. அதற்கும் தறியே பழி சுமந்தது.

தைராய்டு சுரப்பு குறைந்தால், இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் அள்ளியெடுப்பது குறைகிறது. துடிப்பு மந்தமாகிறது; இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன; சிலருக்கு இதய உறைக்குள் நீர் கோக்கிறது. இந்நிலையில் ஸ்டாட்டின் தசைகளை வருத்தும் வாய்ப்பும் அதிகம். ஆக, கொழுப்பு, சோர்வு, தொடைவலி மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கின்றன. அதைக் காட்டியது டி.எஸ்.எச். என்ற ஓர் இரத்தப் பரிசோதனை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொல்கிறது.

இந்த உறவு மருத்துவத்துக்குப் புதிதன்று. கழுத்து வீங்கி, நெஞ்சு படபடக்கும் நோயாளிகளைப் பற்றி இங்கிலாந்தின் பாரி எழுதிய குறிப்புகள், அவர் இறந்தபின் 1825இல் அச்சேறின. அது சுரப்பு மிகுந்த பக்கம். குறைந்த பக்கத்துக்கு 1891இல் ஜார்ஜ் மரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அப்போது 46 வயதாயிருந்த அப்பெண் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகள் செலவாயின! இன்று ஒரு சிறு மாத்திரை போதும்.

போதும் என்றாலும் அவசரம் கூடாது. நெடுநாள் மந்தமாய் ஓடிய இதயத்தைத் திடீரென விரட்டினால், குழாய் அடைப்பு இருப்பவர்க்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். அளவு மிஞ்சினால் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். எனவே வேலூர் மருத்துவர் சித்திக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு வாரங்களுக்கொருமுறை இரத்தம் பார்த்தே கூட்டினார். தைமாத முகூர்த்தப் புடைவைகளுக்கு முன் அளவை உயர்த்தச் சித்தப்பா மன்றாடிப் பார்த்தார். மருத்துவர் அசையவில்லை. நூல்காரர் இரண்டு பாவுகளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கூலி போனது போனதுதான்.

நாடித்துடிப்பு 48இலிருந்து 70க்கு வர எட்டு மாதங்களாயின. கொலஸ்டிராலும் பெருமளவு இறங்கியது. சித்தி மீண்டும் தறியில் அமர்கிறார். மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் விழுங்கி, அரைமணி கழித்தே காப்பி குடிக்கவேண்டும். அந்த அரைமணிக் காத்திருப்பைப் பற்றி மட்டும் எங்களிடம் ஓயாமல் முறையிடுகிறார்.